அடுப்படிச் சுவர்

பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சே ஏச்சுத்தான்.

கல்யாணமாகி, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் வந்த மறுநாள் காலை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடந்த மாமாவுக்குக் கஞ்சி வைக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். என் புருஷனின் அப்பா அவர். புது மருமகளின் அடுப்பு நன்றாக எரிய வேண்டாமா என்று ரப்பர் விறகை அள்ளித் திணித்திருந்தேன். பின்வாசல் வழியாக ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரில் புறங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"ஏய் புதுப்பொண்ணு, இங்க தொட்டுப் பாரு."

தொட்டேன்.

"சுடுதா?"

"சுடுதுக்கா."

"இதுக்கு அந்தப் பக்கம் எங்க அடுப்படி. எம்புள்ளைங்க இந்தப் பலகையில சாஞ்சுக்கிட்டுதான் சோறு திங்குது. எரிஞ்சா மொதல்ல அதுங்க முதுகு. வெறக வெளிய இழுலா!"

நான் இழுப்பதற்குள் அவளே இழுத்து, தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டாள். அடுப்படி முழுக்கப் புகை. அழுதுகொண்டே உள்ளே போனேன். என் புருஷன் சிரித்தார். "அது அப்படித்தான். எல்லாரையும் ஏசும். உனக்கு மட்டும்னு நெனச்சுக்காத" என்றார். அதன் பிறகு எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தும் அவளுக்கு நான் புதுப்பொண்ணுதான்.

குள்ளமான உருவம். புருஷனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருப்பாள். புருவம் இரண்டும் பாதிதான் இருக்கும், மீதி பொசுங்கியிருக்கும். புகை வீட்டில் நெருப்புப் போடுகிற வேலை அவளுக்கு. உறைந்த ரப்பர் பாலைத் தகடு தகடாக உருட்டி, உள்ளே வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் சூளை எரித்துப் புகை காட்டுவார்கள். அந்தக் கட்டடம் நல்ல கனத்த செங்கல்லில் நின்றது. அதன் சூளை வாய்க்குள் வெளிர் மஞ்சளாக ஒரு தனிச் செங்கல், நெருப்பைத் தாங்குவதற்கென்றே கப்பலில் வந்தது. தோட்டத்தில் தொரை பங்களா செங்கல், ஆபீஸ் செங்கல், புகை வீடு செங்கல். தொரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் போய் நம் நாட்டு ஆட்களே மேனேஜராக வந்துவிட்டிருந்தார்கள், கூப்பிடும் பெயர் மட்டும் மாறவில்லை. நாங்கள் இருந்த வரிசை வீட்டில், லயத்தில், பத்து வாசல். பத்தும் பலகை.

இதை அக்கா ஒரு நாள் பெரட்டில் எல்லோர் முன்பும் சொன்னாள். விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம் அது. அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பேசுவார், ஆபீஸ் கணக்குப்பிள்ளை கிராணி எழுதுவார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். அன்று தொரையும் ஜீப்பில் வந்திருந்தார்.

"தொரை, ஒண்ணு கேக்கணும். ரப்பர் ஷீட்டு எரிஞ்சிடக் கூடாதுன்னு சுத்திச் செங்கல் வச்சிருக்கீங்க. எங்க அடுப்புக்குப் பின்னால பலகை வச்சிருக்கீங்க. ரப்பர் எரிஞ்சா நஷ்டம். நாங்க எரிஞ்சா?"

கிராணி பேனாவை மூடினார். மண்டோர் "போம்மா, வேலைக்குப் போ" என்று அதட்டினார். தொரை ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்ன பதில் எனக்கு நன்றாகக் கேட்டது. "லைன் அப்படியேதான் நாற்பது வருஷமா இருக்கு. உங்க அடுப்பை நீங்க பாத்துக்குங்க."

அவள் அன்று முழுக்க ஏசினாள். சூளைக்கு விறகு தள்ளும்போது ஏசினாள். சோறு வடிக்கும்போது ஏசினாள். தன் புருஷனை ஏசினாள். அவர் லாரியில் ரப்பர் ஏற்றி இறக்கும் மனிதர், வாயே திறக்காதவர். தொழிற்சங்கத்துத் தலைவர் சைக்கிளில் வந்து, "மனு எழுதியிருக்கோம், மேலிடத்துக்குப் போயிருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றபோது அவரையும் விடவில்லை.

"மேலிடத்துல எரியலண்ணே. எங்க எடத்துலதான் எரியப்போகுது. மனுவ எங்க ஒட்டுறது, பலகையிலயா?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறி மிதிக்கக்கூட இல்லை.

அக்காவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நானும் மற்றப் பெண்களும் குழாயடியில் பேசுவோம். பேய் பிடித்திருக்கிறது என்றாள் ஒருத்தி. பிறந்ததே சூளையில், அந்தச் சூடு என்றாள் இன்னொருத்தி. அது பாதி உண்மை. ஈப்போவுக்கு வெளியே ஒரு சீனத் தவுக்கை முதலாளியின் செங்கல் காளவாயில் கல் அறுத்த குடும்பம் அவளுடையது. அங்கே நடந்ததை அவள் ஒரே ஒரு தடவை, அதுவும் என் மேல் எரிந்து விழும்போது, பாதி வழியில் சொன்னாள்.

"நான் சும்மா பயங்காட்டுறேன்னா நெனைக்கிற? மலை மலையா கல்லு சுட்டோம்லா நாங்க. ஈப்போவுல இருக்கிற கடை பாதி எங்கப்பன் சுட்ட கல்லுதான். கூலிங்க எல்லாம் ஒண்ணா இருந்த கொங்சி வீடு பலகை, மேல நிப்பா ஓலை. ஒரு பொறி. எங்கம்மா உள்ள. நாலு பக்கமும் கல்லு அடுக்கி வச்சிருக்கு. அதுல ஒண்ணும் எரியல."

பிறகு என்னிடம் இருந்த துடைப்பத்தைப் பிடுங்கி என் அடுப்படியைத் தானே கூட்டிவிட்டுப் போனாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, நாங்கள் எல்லோரும் கமுந்திங், தைப்பிங் என்று சிதறிப் போன பிறகு, ஒரு நாள் ஈப்போவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குள் நானும் என் புருஷனும் போனோம். உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல்.

"கேஸ் தோங்க அடுப்புக்குப் பக்கத்துல வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது? உங்க கண்ணுல என்ன, புரோட்டா மாவா?"

தோங் என்றால் சிலிண்டர். முதலாளி எங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். உள்ளே எட்டி, "மெதுவாலா அக்கா, ஆளுங்க சாப்புடுறாங்க" என்றார்.

"சாப்புடட்டும். எரிஞ்சா அவங்களும் சேந்துதான் எரிவாங்க!"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. புருவம் முழுசாக வளர்ந்து, அது அவளுக்குப் பொருந்தாமல் யாரோ ஒருத்திபோல இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"இன்னும் ஒல்லியாத்தான் இருக்கே. போய் ஒக்காரு, மீன் தலை போடச் சொல்றேன்" என்றாள். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே வரவில்லை. முதலாளி காசு வாங்க மறுத்துவிட்டார். "அக்கா ஏசும்" என்றார். "இங்க இருக்கிறவங்க எல்லாரும் அதுகிட்ட ஏச்சு வாங்குறோம். ஆனா தோங்க வெளிய மாத்திட்டேன். கம்பிக் கூண்டு போட்டு."

அவளை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். ஆனால் அவளை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது அந்தக் கடை இல்லை. தோட்டம்தான் வருகிறது. கோபம்தான் வருகிறது.

கோயில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரட்டில் அவள் கேட்ட கேள்விக்குப் பிறகு கொஞ்ச நாளில், மாரியம்மன் கோயிலுக்குச் சுற்றுச் சுவர் கட்டக் கமிட்டிக்காரர்கள் தொரையிடம் போய்க் கேட்டார்கள். உடனே கிடைத்தது. ஒரு லாரி நிறையச் சிவப்புச் செங்கல். தொரையே வந்து மாலை வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா கமிட்டிக் கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

"இந்தக் கல்லு எனக்கு வேணும். அடுப்படிக்கு அடுப்படி குறுக்க வைக்கணும். மிச்சத்துல கோயில் கட்டுங்க."

"சாமிக்கு வந்ததைக் கேக்குறியே, உனக்கு என்ன திமிரு?" என்று ஒருவர் எழுந்தார்.

"ஆத்தா கருங்கல்லுலா. அவ எரிய மாட்டா. எரியறது நாமதான்."

"சாமிய ஏசாத!"

"சாமிய ஏசல. உங்களத்தான் ஏசுறேன்."

அந்த வருஷத் திருவிழாவில் அவள் வீட்டு அர்ச்சனைத் தட்டை யாரும் வாங்கவில்லை. அவள் புருஷன் தட்டோடு போய்த் தட்டோடு திரும்பி வந்தார். என் மாமா மட்டும் படுத்த இடத்திலிருந்து, வாய் கோண, "அவ சொன்னது சரிதான்" என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது. லாரியிலிருந்து செங்கல் இறங்கும்போது எங்கள் எல்லோருக்கும்தான் புரிந்தது. கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பதால் கேட்காமலே பழகியிருந்தோம். கோயிலுக்குக் கொடுப்பார்கள். கோயில் சம்பளம் கேட்காது, வைத்தியம் கேட்காது.

அடுத்த வருஷம் புகை வீட்டுச் சூளைக்குப் புது மஞ்சள் கல் வந்தது. பழைய கல்லைப் பெயர்த்து ஆற்றங்கரைப் பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். பாதிக்கு மேல் உடைசல். முழுசாக இருந்ததை அக்கா பொறுக்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து வரும்போது கூடையில் கொஞ்சம், அவள் புருஷன் சாக்கில் கொஞ்சம். பார்க்கச் சகிக்காமல் நானும் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டோம். கரி படிந்து, ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளத்துக் கிடந்த கற்கள்.

"இது சிவப்புக் கல்லு மாதிரி இல்ல. அதுவும் எரியாது, ஆனா தினம் நெருப்புல வச்சா தோல் உரிஞ்சு வெடிச்சிரும். இது வெள்ளைக் களிமண்ணு. வேண்டிய மட்டும் வெந்திருக்கு. இனிமே எவ்வளவு நெருப்பு காட்டினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள், ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. அவள் ஏசாமல் பேசி நான் கேட்டது செங்கல்லைப் பற்றி மட்டும்தான்.

மண்டோர் வந்தார். "கம்பெனி சாமான் இது. களவுன்னு ரிப்போட் பண்ணுவேன்."

"குப்பையில போட்டதுலா."

"குப்பையும் கம்பெனிதுதான்."

"அப்ப கம்பெனியே வந்து பொறுக்கட்டும். நான் தள்ளி நிக்கிறேன்."

அவர் ரிப்போர்ட் செய்தார். கிராணி வந்து பார்த்துவிட்டு, உடைந்த கல்லுக்குப் போய் போலீசா என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சேர்ந்த கல் ஒரு சுவருக்குத்தான் வரும். எங்கே வைக்கப் போகிறாள் என்பது தெரிந்ததுதான் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் வைப்பாள், எனக்கும் லாபம் என்று நானும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஆனால் அவள் லயத்தின் நடுவே போய் நின்றாள். வீடுகள் ஐந்து ஐந்தாக இரண்டு கூறாக இருந்தன. நடுவில் டிராக்டர் வந்து நிற்கிற வழி. ஆனால் பின்னால் அடுப்படிகள் மட்டும் வழியையும் அடைத்துக்கொண்டு ஒரே நீளக் கொட்டகை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பலகைத் தடுப்பு மட்டும்.

"வீட்டுக்கு நடுவுல வழி இருக்கு. அடுப்படியில மட்டும்தான் ஒட்டிக்கிட்டு நிக்குது. இங்க ஒண்ணு வச்சா, எந்தப் பக்கம் பத்துனாலும் மத்தப் பக்கம் பொழைக்கும்."

"உங்க வீட்டுக்குக்கா?" என்றேன்.

"என் வீடும் ஏதாவது ஒரு பக்கந்தான" என்று எரிந்து விழுந்தாள்.

கறையான் புற்று மண்ணைக் குழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவள் புருஷனும் கட்டினார்கள். கூரைத் தகரத்தை நெம்பித் தூக்கி, அதற்கும் மேலே ஒரு வரிசை ஏற்றினாள். சுவரின் அந்தப் பக்கம் மண்டோர் வீட்டு அடுப்படி. மண்டோரின் பெண்டாட்டி முதலில் மூக்கைச் சுளித்தாள். பிறகு அந்தச் சுவரில் ஆணி அடித்து வடிகட்டி மாட்ட முயன்று, ஆணி வளைந்துபோய், அதற்கும் அக்காவிடம் ஏச்சு வாங்கினாள்.

தீப்பிடித்தது மழையே இல்லாத ஒரு மாதத்தில், பட்டப்பகலில். நாங்கள் எல்லோரும் வெளிக்காட்டில் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். மேல் பக்கக் கடைசி வீட்டு அடுப்பில் தணல் அணையாமல் இருந்திருக்கிறது. மேல் பக்கம் என்பது எங்கள் பக்கம். புகையைப் பார்த்து ஓடி வந்தோம். வாளிகள் கையிலேயே இருந்தன. பாலைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் மொண்டோம். அதற்குள் ஐந்து அடுப்படியும் ஒரே நெருப்பு. வீடுகளுக்குத் தாவியிருந்தது.

எங்களுக்கு முன்னால் அக்கா வந்திருந்தாள், புகை வீடு லயத்துக்குப் பக்கம் என்பதால். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கைக்குழந்தைகள் ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகையில். லயத்தின் மேல் பக்கத்தில் அந்த நேரத்தில் இருந்த ஒரே உயிர் என் மாமா. அவள் தன் வீட்டுக்குள் நுழையவே இல்லை. என் வீட்டுக்குள் நுழைந்து, மாமாவைப் பாயோடு தரதரவென்று இழுத்து வந்திருக்கிறாள். நான் வந்தபோது குழாயடியில் அவரைப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்கை இரண்டிலும் கொப்புளம்.

"மூச்சு விடுங்க, பெரியவரே! விடுங்கன்னா!" அந்த நேரத்திலும் ஏச்சுத்தான்.

ஐந்து வீடும் தரையானது. நெருப்பு நடுச் சுவர்வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. ஆண்கள் வழியில் நின்று தண்ணீர் அடித்தார்கள். கீழ்ப் பக்கம் ஐந்து வீடும் அப்படியே நின்றன. சாம்பலுக்கு நடுவில் அந்த மஞ்சள் சுவர் மட்டும் கரி பூசி நின்றது. அக்கா அதன் முன்னால் போய் நின்று பார்த்தாள். அவளிடம் மிஞ்சியது உடம்பிலிருந்த சட்டையும் சேலையும்தான்.

"நடுவுல வச்சேன் பாரு. என் புத்தியச் செருப்பாலயே அடிக்கணும்" என்றாள்.

மண்டோரின் பெண்டாட்டி ஒரு பானை சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட்டு, நின்று அழுதாள். அக்கா அதை வாங்கிப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரித்துப் போட்டாள். "குழம்புல உப்பே இல்ல" என்றாள்.

மாமா ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தார். நுரையீரல் முழுக்கப் புகை என்றார்கள். சாவுக்குத் தொரை வரவில்லை. ஒரு மாலை வந்தது.

பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, கிராணி விசாரணைக்கு வந்தார். வீடிழந்த ஐந்து குடும்பமும் அப்போது பள்ளிக்கூடக் கொட்டகையில் தங்கியிருந்தோம். யார் வீட்டு அடுப்பு என்று தெரிய வேண்டுமாம். ஆட்களின் கவனக்குறைவு என்று எழுதினால்தான் கம்பெனிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமாம், அந்த ஆளுக்கு வேலை போகுமாம். அந்த அடுப்புக்காரி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், நான் சொல்லப் போவதில்லை. என் மாமாவைச் சாகடித்தது அவள் இல்லை.

அக்கா எழுந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

"அடுப்புன்னா எரியும்லா. எரியறதுக்குத்தான் அடுப்பு. அதுக்குப் பின்னால பலகைய வச்சது எவன்னு எழுதுங்க. எழுதுறதுக்கு மை இல்லாட்டி அங்க கரி கெடக்கு, தொட்டு எழுதுங்க."

"பேர் சொல்லலைன்னா எல்லாருக்கும் பிரச்சனை" என்றார் கிராணி.

"எங்க பேரு எல்லாம் எழுதிக்குங்க. நாங்க எல்லாரும்தான் சோறாக்குனோம்."

கிராணி பேர் இல்லாமலே திரும்பினார். அந்தத் தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக வாய் மூடி இருந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மறுவாரம் லாரி வந்தது. வீடு திரும்பக் கட்டப் போகிறார்கள் என்று பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தன. லாரி நிறையப் பலகை. அதே பலகை, அதே அகலம், ரம்பத்தூள் மணக்கப் புதுசாக. அக்கா அதைப் பார்த்தாள். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தோம். ஏசவில்லை. பள்ளிக்கூடக் கொட்டகைக்கு வந்து, "எந்திரிங்க. போலாம்" என்றாள்.

"எங்கக்கா?"

"செங்கல் வீட்டுக்கு."

ஐந்து குடும்பமும் அவள் பின்னால் நடந்தோம். தூக்குவதற்கு மூட்டைகூட இல்லை. அவள் புகை வீட்டுக் கதவைத் திறந்தாள், சாவி அவளிடம்தான். சூளை வாயில் குந்தி, எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தினமும் மூட்டிய கை அது. பிறகு பாதி புகை ஏறிய ரப்பர் ஷீட்டுகளைக் கொடியிலிருந்து இழுத்துக் கீழே போட ஆரம்பித்தாள். ஆண்கள் தயங்கினார்கள். முதலில் போய் இழுத்தது நான். அந்தப் பிசுபிசுப்பும் வாடையும் இன்னும் என் கையில் இருக்கிறது. ஷீட்டுகளை வாசலில் குவித்துவிட்டு, அவை தொங்கிய கொடியில் பிள்ளைகளுக்குத் தூளி கட்டினோம்.

மத்தியானம் மண்டோர் வந்தார், எங்களை வெளியேற்றச் சொல்லித் தொரை அனுப்பியதாக. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். என் சின்னது தூளியில் இருமிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனார். அன்று மாலை கீழ்ப் பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது, வாசலில் நின்றுவிட்டுப் போனது. சங்கத் தலைவரும் வந்தார். இந்தத் தடவை சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே எங்களோடு உட்கார்ந்துகொண்டார். வெளியே பால் வந்தது, உறைந்தது, தகடானது. தொங்கவிட இடம் இல்லை. ஈரத்தில் பூஞ்சை பூத்து, ஷீட்டுகள் வெள்ளை வெள்ளையாகக் கெட்டுக் கிடந்தன. என் மாமா செத்தபோது வராத தொரை, ஷீட் கெட்டதும் தானே வந்தார்.

வாசலில் நின்றபடி பேசினார். எல்லா அடுப்படிக்கும் செங்கல் சுவர் கட்டிக் கொடுப்பார்கள். யார் மேலும் கேஸ் இல்லை. ஒன்றே ஒன்று. அவளும் அவள் புருஷனும் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும்.

சங்கத் தலைவர் "அது முடியாது, சார்" என்று ஆரம்பித்தார். என் புருஷனும் எழுந்தார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"கல்லு வந்து எறங்கட்டும். சுவரு எழும்பட்டும். நான் போறேன்."

"அக்கா, வேணாங்க்கா..." என்று அழுதேன்.

"அழுது என்ன ஆவப்போவுது? போய் அந்தப் புள்ளைக்கு மூக்கத் தொடச்சு விடு."

செங்கல் வந்தது. சிவப்புக் கல்தான், ஆனால் கல். ஈப்போவிலிருந்து இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். முதல் சுவர் ஏறிய அன்றுதான் அக்காவின் சாமான் லாரியும் வந்தது. சாமான் என்று என்ன இருந்தது, நாங்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்த சட்டி, பாய், ஒரு இரும்புக் கட்டில். புருஷனையும் பிள்ளைகளையும் பின்னால் ஏற்றிவிட்டு, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். லாரி லயத்தைத் தாண்டும்போது "நிறுத்து!" என்று கத்தினாள்.

இறங்கி வந்து கொத்தனார் முன்னால் நின்றாள். சுவர் அவள் தலை உயரத்துக்கு வந்திருந்தது. கொத்தனார் மேல் வரிசையைப் பூசி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே இது?"

"சுவரும்மா."

"மேல?"

"இவ்வளவுதான் போடச் சொன்னாங்க. மேல பலகை வரும்."

"நெருப்பு என்ன, குனிஞ்சுக்கிட்டா போவும்? மேல பாத்துத்தான எரியும்? தலைக்கு மேல தொறந்து விட்டுட்டு, கால மட்டும் மூடுறீங்களா?"

"எங்களுக்குச் சொன்னதத்தான் நாங்க செய்யுறோம், அக்கா."

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் புருஷன் லாரியின் பின்னாலிருந்து, அவர் வாழ்நாளில் எங்கள் காதில் விழும்படி சொன்ன ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "வா, நமக்கு இனிமே இங்க வீடு இல்ல."

"வீடு இல்லாட்டி?" என்று அவரைப் பார்த்துக் கத்தினாள். "இருக்கிறவ எரியட்டுமா?"

மண்டோர் வந்து அவள் தோளுக்கு அருகில் நின்று, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரியே, "நான் பாத்துக்கிறேன், நீ கெளம்பு" என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற எங்களைப் பார்த்தாள். ஒருத்தி விடாமல் பார்த்தாள். என்னைப் பார்த்தபோது ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். செம்மண் புழுதி அடங்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

கொத்தனார் கரண்டியைத் தண்ணீரில் அலசி, சாக்கில் போட்டார். "போயிட்டாங்க. அப்ப இதோட பூசி முடிச்சிடலாம்லா?" என்று மண்டோரைக் கேட்டார்.

மண்டோர் லாரி போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டிய எடு!"

கத்தியது நான்தான். அந்தத் தோட்டத்தில் என் குரல் அவ்வளவு தூரம் போனதே இல்லை. என் புருஷன் திரும்பிப் பார்த்தார். மூத்த மகள் என் சேலையைப் பிடித்தாள்.

"தகரத்தத் தொடணும். தொட்டு, அதுக்கு மேலயும் ஒரு வரிசை போகணும். அது வரைக்கும் இங்க ஒருத்தியும் அடுப்பு மூட்ட மாட்டா, ஒருத்தியும் வேலைக்குப் போக மாட்டா. எடு கரண்டிய!"

அடுப்புக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள். மண்டோரின் பெண்டாட்டி ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள். கொத்தனார் எங்களை ஒரு தடவை பார்த்தார், ஏணியை ஒரு தடவை பார்த்தார். சாக்கிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.